மாமாவின் இடுப்பும் என் இடது காலும்

என் முழங்காலை மடக்கி நீட்டிவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு பெண் வருகிறாள். நல்ல பெண். வந்ததும் கையைக் கழுவுவாள், ஃபேனைக் குறைப்பாள், என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வாள். மெல்ல மடக்கிக்கொண்டே, "வலிக்குதா மாமி?" என்று கேட்பாள். "இல்லையே" என்பேன். இன்னும் கொஞ்சம் மடக்குவாள். "இப்ப?" "ஊஹும்." அவளுக்குக் கோபம் வந்துவிடும். "கண்ல தண்ணி நிக்குது, வலிக்கலைங்கறீங்க. வலிச்சா வாயைத் திறந்து சொல்லணும் மாமி. அப்பதானே எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியும்?"

நம் வயசுக்காரர்களே, நீங்களே சொல்லுங்கள். நம்மில் யார் வலிக்கிறது என்று சொல்லி வளர்ந்தோம்? விழுந்தால் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு போனோம். காய்ச்சல் கண்டாலும் அடுப்படியில் நின்றோம். யாராவது கேட்டால் "ஒண்ணுமில்லை" என்றோம். இப்போது இந்தச் சின்னப் பெண் வந்து நம் பழக்கத்தை மாற்றப் பார்க்கிறாள். அவள் போன பிறகு நாற்காலியில் சாய்ந்து என் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீங்கிப்போய், நரம்பு புடைத்து, பார்க்கச் சகிக்கவில்லை. இந்தக் கால்தான் ஒரு காலத்தில் மயிலாப்பூரில் எங்கள் தெரு முழுவதும் பேர் வாங்கிய கால்.

நான் காலால் பிறந்தவள். மற்றக் குழந்தைகள் ஒழுங்காகத் தலையை நீட்டிக்கொண்டு வரும்போது நான் இடது காலை முதலில் நீட்டினேனாம். அம்மாவைப் படாத பாடு படுத்திவிட்டுத்தான் வெளியே வந்தேன். ஆனால் அப்படிப் பிறந்த குழந்தை மிதித்தால் சுளுக்கும் பிடிப்பும் விட்டுப்போகும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. உங்களில் சிலருக்காவது இந்த மாதிரி ஒரு காலிடம் மிதி வாங்கிய ஞாபகம் இருக்கும்.

நான் நடக்கப் பழகியதிலிருந்தே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பாயில் குப்புறப் படுப்பார்கள். யாராவது என் இரண்டு கையையும் பிடித்துக்கொள்ள, நான் முதுகெலும்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கால் வைத்து நடப்பேன். கடைசியில் வலிக்கிற இடத்தில் இடது காலால் லேசாக ஓர் உதை. அவ்வளவுதான் வைத்தியம். ஆனால் அதற்கு ஒரு விதி உண்டு. எழுந்ததும் "போச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் போன வலி திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் எல்லோரும் சொன்னார்கள். அடுத்த வீட்டு மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "போச்சுடி கண்ணே" என்பாள். கையில் கல்கண்டோ வாழைப்பழமோ கிடைக்கும். நான் பெரிய வைத்தியர் மாதிரி வாங்கிக்கொண்டு வருவேன்.

ஜட்கா வண்டிக்காரர் ஒருவரும் வருவார். அவர் வீட்டுக்குள் வர மாட்டார், கொல்லைப்புறச் சந்திலேயே துண்டை விரித்துப் படுத்துவிடுவார். "தோ பாரு பாப்பா, இடுப்பு புட்ச்சிகினு கீது. நல்லா ஒரு ஒத குடு, சவாரிக்குப் போவணும்" என்பார். அவர் முதுகு பலகை மாதிரி இருக்கும், குதிரை வாசனையும் கொள்ளு வாசனையும் அடிக்கும். எனக்கு அந்த முதுகு ரொம்பப் பிடிக்கும். உதைத்ததும் எழுந்து, "போச்சு! சோக்கா போச்சு!" என்று சிரித்துவிட்டு, வண்டியில் ஏறும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டே ஏறுவார். அவரை மிதித்துவிட்டு உள்ளே வந்தால் அம்மா என் காலில் தண்ணீர் ஊற்றுவாள். மற்றவர்களை மிதித்துவிட்டு வந்தால் ஊற்ற மாட்டாள். அந்த வித்தியாசம் அப்போது எனக்கு உறைக்கவில்லை, இப்போது உறைக்கிறது.

இனி மாமாவுக்கு வருகிறேன். மாமா என்றால் அம்மாவின் கூடப் பிறந்த ஒரே தம்பி. கோட்டைப் பக்கம் ஓர் ஆபீசில் வேலை, ட்ராமில் போய் வருவார். மாமி பிரசவத்துக்காகப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்ததால் அந்தக் கோடை முழுவதும் எங்கள் வீட்டில்தான் இருந்தார். மாமாவுக்கு உடம்புதான் சொத்து. விடிந்ததும் கொல்லையில் கிணற்றடிக்கு வந்துவிடுவார். தண்டால், பஸ்கி, அதன் பிறகு கர்லாக்கட்டை. இரண்டு கட்டைகளும் எண்ணெய் ஏறிக் கறுத்துப் பளபளவென்று இருக்கும். அவர் தலைக்குப் பின்னால் அவற்றைச் சுழற்றும்போது 'உஸ் உஸ்' என்று காற்று கிழிகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தில்தான் நானும் அக்காவும் கண் விழிப்போம். அந்தக் கட்டைகள் எங்கே போயினவோ தெரியவில்லை. எத்தனையோ சாமான் போன வீடு, அதற்கெல்லாம் நான் அழவில்லை, அவை இரண்டும் மட்டும் கிடைத்தால் தேவலை என்று இன்றும் தோன்றும்.

அந்தக் கோடையில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீடு மாம்பலத்தில். அப்போதுதான் அந்தப் பக்கம் தியாகராயநகர் என்று புதிது புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அக்கா என்னைவிட ஆறேழு வயது பெரியவள். குழந்தையில் அவளைத் தூக்கி வளர்த்தவர் மாமாதான். கபாலீசுவரர் கோவில் தேர் பார்க்கிற கூட்டத்தில் அவர் தோளில் உட்கார்ந்து வந்ததை அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். கல்யாணத்தில் மாலை மாற்றும்போது பெண்ணை அவள் மாமாவும் பிள்ளையை அவன் மாமாவும் தோளில் தூக்கிக்கொள்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். நிச்சயமான அன்றே அக்கா கேட்ட ஒரே கேள்வி, "மாமா, என்னைத் தூக்குவேளா?" என்பதுதான். "உன்னைத் தூக்காம வேற யாரைடி தூக்கப்போறேன்?" என்றார் மாமா.

அப்பாவுக்கு மாமாவைச் சீண்டாவிட்டால் சாப்பாடு இறங்காது. "பொண்ணு இப்போ பழைய பொண்ணு இல்லேடா. நெய்யும் முறுக்குமா ஏத்தி விட்டிருக்கா உங்க அக்கா. கட்டையைச் சுத்தறது வேற, கல்யாணப் பொண்ணைத் தூக்கறது வேற" என்று தினம் ஒரு தடவையாவது சொல்வார். மாமா சிரித்துக்கொள்வார். ஆனால் மறுநாள் காலையிலிருந்து கர்லாவுக்குப் பிறகு என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிணற்றைச் சுற்றி வர ஆரம்பித்தார். எனக்கு அதுவே திருவிழா. அங்கிருந்து பார்த்தால் மதில் மேல் காயும் வடாமும், பக்கத்து வீட்டு முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியும் தெரியும்.

கல்யாணத்துக்கு அரிசி மூட்டைகள் வந்து இறங்கிய நாள் சனிக்கிழமை. மாமா எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தார். எண்ணெய்க் குளியல் அன்று கஸரத் செய்யக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால் காலையில் ஒரு தண்டால்கூட எடுக்கவில்லை. மிளகு ரசமும் பருப்புத் துவையலுமாகச் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் கண்ணை மூடிக் கிடந்தார். வண்டியிலிருந்து இறக்கிய மூட்டைகள் ரேழியை அடைத்துக்கொண்டு கிடந்தன. அப்பா சும்மா இருக்கலாம் அல்லவா? "என்னடா பயில்வான், இதுல ஒண்ணை உள்ளே கொண்டு வெச்சா ஒத்துக்கறேன்" என்றார்.

மாமா துள்ளி எழுந்தார். முழங்காலை மடக்காமல் அப்படியே இடுப்பை வளைத்து, மூட்டையை இரண்டு கையாலும் அணைத்து, ஒரே மூச்சில் தூக்கினார். தூக்கியும் விட்டார். அப்பா கைதட்டினார். மாமா சமையலறைப் பக்கம் திரும்புவதற்காக உடம்பை ஒரு திருகு திருகினார் பாருங்கள், அங்கேயே நின்றுவிட்டார். மூட்டை நழுவி விழுந்தது. மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல உட்கார்ந்தார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது.

தூங்கிக்கொண்டிருந்த உடம்பை எழுப்பாமல் பாரத்தை ஏற்றினால் தசை நார் கிழிந்துவிடும் என்று முழங்கால் பெண் இப்போது சொல்கிறாள். இடுப்பை வளைத்துத் தூக்காதே, முழங்காலை மடக்கி உட்கார்ந்து தூக்கு, பாரத்தோடு திருகாதே என்கிறாள். மாமா இவை அத்தனையையும் ஒரே தூக்கில் செய்துவிட்டார். அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியவில்லை. "திருஷ்டி" என்றாள் அம்மா. "பிடிப்பு" என்றாள் அடுத்த வீட்டு மாமி. "குழந்தையைக் கூப்பிடு" என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள்.

வீட்டிலேயே வைத்தியம் இருக்கும்போது வெளியே போவார்களா? மாமாவைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். நான் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு ஏறினேன். எத்தனையோ முதுகு மிதித்தவள் நான். ஆனால் அன்று இடது காலை வைத்ததும் என் பாதத்தின் கீழ் ஏதோ முறுக்கிய கயிறு மாதிரி இறுகி, வெடவெடவென்று துடித்தது. எனக்கு இறங்கிவிட வேண்டும் போல் இருந்தது. "உதைடி" என்றாள் அம்மா. உதைத்தேன். மாமா பாயை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன். பிறகு எழுந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சிரித்து, "போச்சுடி குழந்தே" என்றார்.

அதிலிருந்து தினமும் மிதி. அதோடு வறுத்த உப்பு ஒத்தடம், நொச்சித் தழை ஒத்தடம், கற்றாழைப் பாலைக் காய்ச்சிய மூசாம்பரத்தில் கன்னங்கறேலென்று ஒரு பத்து. வீடு முழுக்கத் தைல வாசனை. கல்யாண வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்து மாமாவின் இடுப்பை ஓர் அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர் எல்லோரிடமும் "போச்சு, போச்சு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

தெருக்கோடி டாக்டர் ஒருநாள் அப்பாவைப் பார்க்க வந்தவர், மாமா எழுந்து வந்த அழகைப் பார்த்து நின்றுவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். "ஏற்கெனவே கிழிஞ்ச இடத்தை யாராவது மிதிப்பாளா? முதல்லே பச்சைத் தண்ணித் துணியைப் போட்டுட்டு, நாலு நாள் சும்மா விட்டிருக்கணும். அப்புறம் மெதுவா நடக்க விடணும். இன்னும் ஒரு மாசத்துக்குப் பாரம் கூடாது" என்றார்.

"போச்சுன்னு அவனே சொல்றானே!" என்றாள் அம்மா.

"போச்சுன்னுதான் சொல்லணும்னு நீங்களே விதி வெச்சிருக்கேளே மாமி. அவன் வேற என்ன சொல்லுவான்?"

 டாக்டர் போனதும் அம்மா, "பச்சைத் தண்ணியாம்! ஜன்னி வந்தா இவரா வந்து பார்ப்பார்?" என்று சொல்லிவிட்டு உப்பை வறுக்கப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. தம்பி மேல் உயிராக இருந்தவள், தனக்குத் தெரிந்ததைச் செய்தாள்.

டாக்டர் சொன்ன ஒரு மாதத்துக்குள் முகூர்த்தம் வந்துவிட்டது. மாமாவால் முடியவில்லை என்றால் திருவல்லிக்கேணியிலிருந்து ஒன்றுவிட்ட மாமா ஒருவர் தூக்குவதற்கு வருவார் என்று பேச்சு அடிபட்டது. வெற்றிலைச் சாறு வழிகிற வாயும் உருண்டைத் தொந்தியுமாக இருப்பார். அவரை நினைத்தாலே அக்காவுக்கு அழுகை வந்தது. அது மாமாவுக்குத் தெரியும். அதனால்தான் வலி பொறுக்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டும் 'போச்சு' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். காரணம் இன்னொன்றும் உண்டு என்று இப்போது நினைக்கிறேன். போகவில்லை என்றால் என் காலுக்கு இருந்த பேர் கெட்டுவிடும். எட்டு வயதுக் குழந்தையின் முகம் வாடக் கூடாது என்பதற்காகவும் ஒரு மனுஷன் அத்தனை மிதியையும் வாங்கிக்கொண்டார்.

நான் அக்காவிடம் சொல்லிவிட்டேன். கிணற்றடியில் அவள் காலுக்கு மருதாணி அப்பிக்கொண்டிருந்தபோது, "மாமாவுக்கு இன்னும் வலிக்கறது" என்றேன்.

"போச்சுன்னாரே?"

"பொய். நான் கால் வெச்சா உள்ளே துடிக்கறது. எனக்குத் தெரியும்."

அக்கா மருதாணிக் கையைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அம்மாவிடம் போய்ச் சொல்லிப் பார்த்தாள் போலிருக்கிறது. "நல்ல காரியத்துல அபசகுனமாப் பேசாதே" என்று அம்மா திட்டியது எனக்குக் கேட்டது.

கல்யாணத்தன்று தெருவை அடைத்துப் பந்தல். நாகஸ்வரம் காதைப் பிளந்தது. சந்தனமும் மல்லிகையும் மணத்ததற்கு அடியில் மாமாவிடமிருந்து தைல வாசனை மட்டும் எனக்குத் தனியாக வந்தது. அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார். மாப்பிள்ளையின் மாமா ஆஜானுபாகு, ஒரே தூக்கில் மாப்பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். கூட்டம் ஆரவாரித்தது. எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

மாமா அக்காவின் முன்னால் வந்து நின்றார். அவர் மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. மூச்சை இழுத்துக்கொண்டு குனியப் போனார். அக்கா ஓர் அடி பின்னால் வைத்தாள்.

"குனியாதீங்கோ மாமா" என்றாள். கல்யாணப் பெண் வாய் திறந்து பேசுகிற காலமா அது? பக்கத்தில் நின்ற பெண்கள் திகைத்துப் போனார்கள். "நான் நின்னுண்டே போட்டுக்கறேன். நீங்கோ பக்கத்துல நில்லுங்கோ. அது போறும் எனக்கு."

"விளையாடாதேடி. எல்லாரும் பாக்கறா. எனக்கு ஒண்ணுமில்லை" என்றார் மாமா.

"இருக்கு" என்றாள் அக்கா. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். திருவல்லிக்கேணி மாமா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வர ஆரம்பித்தார். அப்போதுதான் மேலேயிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "மாமா, என்னை இறக்கி விடுங்கோ."

"ஏண்டா?"

"அவ கீழே நிக்கறாளே. நான் மட்டும் மேலே ஏறிண்டு என்ன பண்றது?"

இறங்கிவிட்டார். இரண்டு பேரும் தரையில் எதிரெதிரே நின்று மாலை மாற்றிக்கொண்டார்கள். பெண்கள் முணுமுணுத்தார்கள், நாகஸ்வரக்காரருக்கே எப்போது வேகம் கூட்டுவது என்று தெரியாமல் போயிற்று. எனக்கு அந்த நிமிஷத்திலிருந்து அத்திம்பேரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. மாமா அக்காவின் தலையில் கை வைத்துக்கொண்டே நின்றார். எல்லாம் முடிந்த பிறகு பந்தல் கால் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். கர்லா சுற்றுகிற மனுஷன் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு யாரும் அவரை மிதிக்கச் சொல்லவில்லை. டாக்டர் சொன்னபடி முதலில் வீட்டுக்குள் நடந்தார், பிறகு குளத்தைச் சுற்றி, பிறகு சாந்தோம் கடற்கரை மணலில். கர்லாக்கட்டைகள் வெகு நாள் மூலையில் கிடந்தன. என் காலுக்கும் வேலை குறைந்தது. ஜட்காக்காரர் மட்டும் விடாமல் வந்தார். "டாக்டரு கெடக்றாரு, நீ ஒத பாப்பா" என்பார். ரொம்ப மெதுவாக உதைப்பேன்.

ஆறேழு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் வந்தது. "மாமா தூக்க வேண்டாம், நானும் அக்கா மாதிரி நின்னுண்டே போட்டுக்கறேன்" என்றேன். மாமா கேட்கவில்லை. பழைய வேஷ்டித் துணியில் அக்காவிடம் ஒரு பை தைத்து வாங்கிக்கொண்டார். அதில் கொஞ்சமாகக் கடற்கரை மணல் போட்டு, உடம்பு சூடேறும்வரை நடந்துவிட்டு எங்கள் கொல்லைக்கு வந்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்து தோளில் ஏற்றிப் பழகினார். சில நாளைக்கு ஒரு தடவை இரண்டு கை மணல் கூடும். இடுப்பு முனகினால் அன்றோடு சரி, பையைக் கீழே வைத்துவிட்டு அடையாற்றுப் பக்கம் காலாற நடக்கப் போய்விடுவார். பையைச் 'சின்னக் கல்யாணப் பொண்ணு' என்று கூப்பிடுவார். அது வாரா வாரம் கொழுத்துக்கொண்டே வந்ததை நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முகூர்த்தத்தன்று மாமா என் முன்னால் வந்து முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். நான் தோளில் ஏறியதும் அவசரப்படாமல், ஆடாமல் எழுந்தார். ஜனங்கள் கூவினார்கள். அக்கா கீழே நின்று கை கொட்டினாள். பெண் தோளில் இருந்தபடி சாய்ந்தும் ஒதுங்கியும் போக்குக் காட்டுவதுதானே வேடிக்கை? அதற்காகத்தானே எல்லோரும் காத்திருந்தார்கள்? நான் குனிந்து அவர் காதில், "வலிக்கறதா மாமா?" என்று கேட்டேன்.

"வலிக்கறதுடி" என்றார். "இடுப்பு இல்லே, தோள்தான். மாலையைச் சட்டுனு போடு."

முதல் வீச்சிலேயே மாலையைப் போட்டேன். எதிரிலிருந்து வந்த மாலைக்கும் ஒதுங்காமல் கழுத்தை நீட்டினேன். கூட்டத்துக்கு ஏமாற்றம். "இப்படிப் பறக்கற பொண்ணை நான் பார்த்ததே இல்லை" என்று ஒரு மாமி சத்தமாகவே சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும். மாமா என்னிடம் முதல் தடவையாக வலிக்கிறது என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்ட பிறகு இன்னும் ஒரு நிமிஷம் அந்தத் தோளில் உட்கார்ந்திருக்க எனக்கு மனசு வரவில்லை.